பூக்காத ஐந்து செடிகள்

சுபாப் தன் அறுபத்தோராவது வயதில் முதன்முதலாகக் கஞ்சாச் செடி வளர்த்தார். அதுவும் அரசாங்கமே கையில் கொடுத்து, வளர்த்துப் பாருங்கள் என்று சொன்ன பிறகு.

ஜூன் மாதம் சட்டம் மாறியது. ஜூலையில் மாவட்ட அலுவலக வண்டி ஒன்று கோயில் மைதானத்தில் வந்து நின்று, வீட்டுக்கு ஆறு என்று நாற்றுகளை இறக்கியது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் கஞ்சா வளர்ப்பவன் தேசத்துக்கே பகைவன் என்று ஒரு மணி நேரம் பேசிய அதே அதிகாரிதான் நாற்றுகளை வழங்கினார். இப்போது அவருக்குத் தலை வழுக்கை விழுந்திருந்தது, கருத்தும் மாறியிருந்தது. இரண்டில் எது முதலில் உதிர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. சுபாப் கிராமத் தலைவருக்கு உதவியாளர். ஆகவே முதல் ஆறு நாற்றும் அவருக்கு. பேசிய நாளிலும் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவர் அவர், வழங்கிய நாளிலும் அப்படியே.

வீட்டு முற்றத்தில், கம்பத்தின் மேல் நிற்கும் மனைத்தெய்வத்தின் குட்டி வீட்டைச் சுற்றி ஐந்து தொட்டிகளை வைத்தார். தெய்வத்தின் கண்ணெதிரே திருட எவனுக்கும் துணிச்சல் வராது என்பது கணக்கு. ஆறாவதுக்கு இடம் போதவில்லை. அது நெற்களஞ்சியத்துக்குப் பின்னால் போனது.

செடிகளுக்கு அவர் தீனி போட்ட விதத்தைப் பார்த்து மனைவி லம்துவனுக்கே பொறாமை வந்தது. எருமைச் சாணி, அரிசி கழுவின தண்ணீர், மீன் ஊறல், நடுநடுவே ஒரு கைப்பிடி யூரியா. செடிகள் அவர் உயரத்துக்கு வளர்ந்தன. இலை கறுப்படித்த பச்சை. அக்டோபர் முடிந்தது, பூவைக் காணோம். பூக்காததற்குப் பசிதான் காரணம் என்று முடிவு செய்து தீனியை இரட்டிப்பாக்கினார். இலை நுனிகள் கருகி, பருந்து நகம் மாதிரி கீழே வளைந்தன. இன்னும் பசி போல என்று மறுபடியும் போட்டார். களஞ்சியத்துக்குப் பின்னால் கிடந்த ஆறாவது செடிக்கு மட்டும் இந்த விருந்து எதுவும் போய்ச் சேரவில்லை. அதன் கணுக்களில் வெள்ளை வெள்ளையாய் நூல் மாதிரி ஏதோ முளைத்திருந்தது. நோய் என்று நினைத்துச் சாம்பல் தூவினார்.

நவம்பர் முதல் வாரம் லம்துவன் பொறுமை இழந்தாள். முழங்கால் வலியில் அவளுக்கு ஒரு வருஷமாகத் தூக்கம் கிடையாது. பூ வந்தால் மாவட்ட ஆஸ்பத்திரி நாட்டு வைத்தியப் பிரிவில் எண்ணெய் காய்ச்சித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"ஊர்ல எல்லா வீட்லயும் பூத்திருச்சு. நம்ம வீட்ல மட்டும் இலையாவே நிக்குது. பூன்மா அண்ணன கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"அவனுக்கு இப்ப இதெல்லாம் மறந்திருக்கும்."

"கஞ்சாவ தொட்டதுக்கு ஜெயிலுக்குப் போய்ட்டு வந்த மனுஷன். அவருக்கு மறக்குமா? உங்க சியோதானே, கூப்பிட்டா வர மாட்டாரா?"

சியோ என்றால் வெறும் சிநேகிதன் இல்லை. ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டு பையன்களைப் பெரியவர்கள் உட்கார வைத்து, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, இனிமேல் நீங்கள் இருவரும் ஒன்று என்று சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், சியோவோடு போடக்கூடாது. சுபாபும் பூன்மாவும் அப்படி நூல் கட்டிக்கொண்டபோது இருவருக்கும் ஒன்பது வயது. ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவர்கள் சண்டையே போட்டதில்லை. சுபாப் செய்ததற்குச் சண்டை என்று பெயர் கிடையாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அதிகாரி, பேசி முடித்த கையோடு ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார். போதைப் பொருள் வைத்திருப்பதாக யார்மேல் சந்தேகமோ அவர் பெயரை எழுதிப் பெட்டியில் போட வேண்டும், எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அப்போது பல ஊர்களில் நடந்த வழக்கம்தான். முதல் சுற்றில் அத்தனை சீட்டும் வெறுமை. அதிகாரி பெட்டியைக் குலுக்கிக் காட்டி, ஊர் ஒத்துழைக்கவில்லை, இன்னொரு தடவை என்றார். இரண்டாவது சுற்றும் வெறுமை. மூன்றாவது சுற்று வருவதற்குள் மேற்கே மேகம் கறுத்துவிட்டது. சுபாபின் நெல் முழுவதும் சாலையில் காய்ந்துகொண்டிருந்தது. யாராவது ஒரு பெயர் எழுதாமல் இந்த மனுஷன் வீட்டுக்கு விடப்போவதில்லை என்று தெரிந்துபோயிற்று. பூன்மாவின் மீன் குட்டைக்குப் பின்னால் இரண்டு செடி நின்றது. கோழிக் குழம்பில் இலை கிள்ளிப் போடுவதற்காக வளர்த்தது. போலீஸ் வந்து பிடுங்கிப் போட்டுவிட்டு நாலு வார்த்தை திட்டும், அவ்வளவுதானே என்று சுபாப் கணக்குப் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நூடுல்ஸ் கடை சம்ரானிடம் பேனா வாங்கி எழுதினார். அது பச்சை மைப் பேனா.

பூன்மாவுக்குப் பதினான்கு மாதம் கிடைத்தது.

அந்தப் பதினான்கு மாதத்தில் அவருடைய எருமைகள் விலை போயின. மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அப்பா இடத்தில் நின்று மணமக்கள் கையில் நூல் கட்ட ஆள் வேண்டுமே என்றபோது, சியோ இருக்கும்போது வேறு யார் என்று ஊரே சொன்னது. சுபாப் கட்டினார். முடிச்சு நழுவி நழுவிப் போனது. பாசத்தில் கை நடுங்குகிறது என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதிகாரி சீட்டைப் பிரித்தபோது பச்சை மையை முன்வரிசை முழுவதும் பார்த்திருந்தது. ஊரில் பச்சை மையில் எழுதுவது சம்ரான் ஒருத்திதான், கடையில் வருகிறவர்கள் கேட்பதைக் குறித்துக்கொள்ள. கோழி மேய்ந்த தகராறில் பூன்மாவோடு அவளுக்குப் பேச்சு வார்த்தையும் கிடையாது. முதல் வாரமே அவள் தெருவில் நின்று, என் பேனாவை சுபாப் அண்ணன்தான் வாங்கினார் என்று சொன்னாள். சியோ சியோவைக் காட்டிக் கொடுப்பானா, பழியைத் தள்ளப் பார்க்கிறாளே என்று ஊர் அவளை இன்னும் கேவலமாகப் பார்த்தது. சுபாப் எதுவும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. வெளியே வந்த பூன்மா அவள் கடைப் பக்கம் போவதை விட்டார். அவருடைய சொந்தக்காரர்கள், அதாவது ஊரில் பாதிப் பேர், அவரோடு சேர்ந்து போவதை நிறுத்தினார்கள்.

ஆகவே பூன்மாவைக் கூப்பிட சுபாபுக்கு மனமில்லை. அந்தச் செடிகளைப் பற்றி அவரிடம் பேசும் உரிமை உலகத்தில் ஒருவருக்கு இல்லை என்றால் அது தனக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். லம்துவனுக்கு அது தெரியாது. மறுநாள் அவளே ஒரு பெரிய மீனைச் சுட்டு, பசைச்சோற்றுக் கூடையோடு போய் பூன்மாவை அழைத்து வந்துவிட்டாள்.

பூன்மா பொழுது சாய்கிற நேரத்தில் வந்தார். மெலிந்த மனிதர், பேச்சில் எப்போதும் ஒரு குறும்பு. ஐந்து செடிகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கருகிய நுனி ஒன்றைக் கிள்ளி முகர்ந்தார்.

"என்னடா சியோ, இதுக்கு என்ன போட்ட?"

சுபாப் சொன்னார்.

"வீட்டோட இருக்கிற மாப்பிள்ளைக்குப் போடற மாதிரி போட்டிருக்க. தின்னு தின்னு கொழுத்து உக்காந்திருக்கு. வேலை செய்யணும்னு அதுக்கு எதுக்குத் தோணும்?"

"பசியா இருக்குமோன்னு நெனச்சேன்."

"நகம் மாதிரி வளைஞ்சிருக்கு பாரு, பசின்னா மஞ்சளாகும். இது அஜீரணம். பத்து நாள் வெறும் தண்ணி. வேற எதையும் காட்டாத. ஆறு குடுத்தாங்களே, இன்னொண்ணு எங்க?"

"அது சீக்கு புடிச்சிருக்கு. பின்னால ஒதுக்கி வச்சிருக்கேன்."

பூன்மா களஞ்சியத்துக்குப் பின்னால் போனார். பிறகு அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்படி அவர் சிரித்துப் பல வருஷமாகியிருந்தது.

"லம்துவன், இங்க வந்து பாரு. உன் புருஷன் பூவுக்குச் சாம்பல் போட்டு வைத்தியம் பாத்திருக்கான். கணுவுல ரெண்டு வெள்ள முடி நீட்டினா அது பொட்டை, பூ வருதுன்னு அர்த்தம். ஊர்லயே நல்ல செடி இதுதான். இது ஏன் பூத்துச்சு, அது ஏன் பூக்கல? ஒரே நாத்துதானே?"

அவர் திரும்பி வருவதற்கும், மனைத்தெய்வத்தின் கூரையில் இருந்த பல்பு தானாக எரியத் தொடங்குவதற்கும் சரியாக இருந்தது. இருட்டினால் தானே எரிந்து, விடிந்தால் தானே அணையும் வெள்ளை பல்பு. முற்றம் பளிச்சென்று ஆனது. பூன்மா பல்பைப் பார்த்தார், செடிகளைப் பார்த்தார், மறுபடி பல்பைப் பார்த்தார்.

"இது ராத்திரி பூரா எரியுமா?"

"எரியும்."

"அதான். இதுக்கு ராத்திரி நீளமாகுதுன்னு தெரிஞ்சாத்தான் பூக்கும். நீ ராத்திரியே இல்லாம பண்ணி வச்சிருக்க. அணைச்சிரு."

"அணைக்கக் கூடாது. வேண்டுதல்."

"இத்தன வருஷமா கேக்கறேன், என்ன வேண்டுதல்னு வாயத் தெறக்க மாட்டேங்கறாரு," என்றாள் லம்துவன். "லாட்டரிக்குத்தான். வேற என்ன."

வேண்டுதலை விலக்கிக்கொள்ள எங்கள் பக்கத்தில் வழி உண்டு. ஊதுபத்தி ஏற்றி, என்ன வேண்டினோம், என்ன நடந்தது, இப்போது ஏன் நிறுத்துகிறோம் என்று தெய்வத்திடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனசுக்குள் முணுமுணுத்தால் செல்லாது. லம்துவன் ஒரே ஓட்டமாகப் போய் ஊதுபத்தியும், தெய்வத்துக்குப் படைக்கச் சிவப்பு சோடாவும் எடுத்து வந்தாள். எந்த லாட்டரி நம்பர் என்று இன்றைக்காவது தெரியப்போகிறது என்ற சந்தோஷம் அவளுக்கு. பூன்மா பக்கத்தில் நின்று கைகூப்பினார்.

சுபாப் ஒன்பது ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெய்வத்திடம் பொய் சொல்லலாம், மனிதனிடமும் சொல்லலாம். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் ஏமாற்ற அவருக்குப் பழக்கமில்லை.

"மனைத்தெய்வமே," என்றார். கனைத்துக்கொண்டார். "பூன்மாவுக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள தண்டனை வந்தா தெனமும் ராத்திரி பூரா வெளக்கு எரிக்கறேன்னு சொன்னேன். பதினாலு மாசம்தான் வந்துச்சு. எரிச்சேன். இப்ப செடிக்காக நிறுத்தறேன். மன்னிக்கணும்."

அடுத்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் பூன்மா அவர் தோளைப் பிடித்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"எனக்காகவா? எட்டு வருஷம் கரண்டு எரிச்சியாடா? ஒரு வார்த்தை சொல்லலையே."

லம்துவன் தோள்துண்டை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். லாட்டரி என்று இத்தனை நாள் ஏளனம் செய்ததற்குப் புருஷனிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டாள். ஊதுபத்தியின் சாம்பல் சுபாபின் விரலில் விழுந்தது. அவர் உதறவில்லை. தெய்வத்திடம் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அதில் இருந்த மோசம்.

அன்றிலிருந்து பூன்மா தினமும் வந்தார். வெறும் தண்ணீர் போன பத்தாவது நாள் புது இலைகள் நேராயின. மூன்றாவது வாரம் ஐந்திலும் வெள்ளை முடி நீட்டியது. களஞ்சியத்துப் பின்செடியில் முடிகள் பாதிக்குமேல் பழுப்பானதும் அதைப் பூன்மாவே அறுத்துத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். மற்றதுகளுக்கு அவசரப்படாதே, நான் சொல்கிற அன்றைக்கு வெட்டு என்றார். வாழைத்தண்டை ஊறவைத்த தண்ணீரைத் தன் வீட்டிலிருந்தே வாளியில் சுமந்து வந்து, பூ நேரத்துக்கு இது போதும், உன் யூரியாவைக் குப்பையில் போடு என்றார். எட்டு வருஷமாகக் கஞ்சாப் பேச்சை எடுத்தாலே எழுந்து போன மனிதர், இலையைத் திருப்பிக் காட்டி உற்சாகமாகப் பேசினார். சுபாப் தலையாட்டிக் கேட்டார். பூ ஒரு விரல் தடித்தால் அவர் நெஞ்சில் உறுத்தல் இரண்டு விரல் தடித்தது.

இதற்குள் விளக்குக் கதை ஊர் முழுவதும் போய்விட்டது. பூன்மாதான் பரப்பினார். கோயிலில் துறவிகூடப் பிரசங்கத்தின் நடுவே நட்புக்கு அடையாளமாக அந்த விளக்கைச் சொன்னார். சுபாப் துறவியின் பிச்சைப் பாத்திரத்தில் சோறு போடும்போது பக்கத்தில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். ராத்திரியில் முற்றம் இருட்டாகவே இருந்தது. ஆனால் அவருக்கு இப்போதுதான் தூக்கம் போனது.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் மத்தியானம் இருவரும் தாம்புக் கயிறு வாங்கிக்கொண்டு சம்ரானின் கடை வழியாக வந்தார்கள். வழக்கமாகப் பூன்மா அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போவார். அன்றைக்கு மகிழ்ச்சி அதிகம், நேராக வந்தார். கடையில் நான்கைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சம்ரான் கொதிக்கிற அண்டாவில் கரண்டியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

பூன்மா நின்று, கடையைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஒரே கூட்டத்துல உக்காந்திருந்தவங்கதான். ஒருத்தன் எனக்காக எட்டு வருஷம் வெளக்கு எரிக்கறான். இன்னொருத்தி பச்ச மையில என் பேர எழுதறா. மனுஷங்க எத்தனை வகை பாருங்க."

யாரோ சிரித்தார்கள். சம்ரான் பூன்மாவைப் பார்க்கவே இல்லை. சுபாபைப் பார்த்தாள்.

"உதவித் தலைவரே, வெளக்கு நல்லா எரிஞ்சுதா? பேனாவைத்தான் திருப்பித் தரல. பரவால்ல, வச்சுக்கங்க."

"இன்னும் இந்தப் பேச்ச விடலையா நீ," என்று பூன்மா முன்னால் போனார். "உன் வாய்க்கு ஒரு..."

"விடுடா," என்றார் சுபாப். "எழுதினது நான்தான்."

பூன்மா கையை உயர்த்தியபடியே திரும்பினார். சுபாப் விளையாடுகிறாரா என்று பார்ப்பது போலிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை நிறுத்திவிட்டார்கள்.

"அவ பேனாவ வாங்கி நான்தான் எழுதினேன். அவ அன்னிலேர்ந்து சொல்றது நெசம்."

"எதுக்கு?"

"மூணாவது சுத்து. அந்தாளு விட மாட்டேன்னு நின்னான். என் நெல்லு ரோட்டுல காஞ்சுகிட்டிருந்துச்சு. மழை வர மாதிரி இருந்துச்சு."

பூன்மா இதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"வந்துச்சா?"

"என்னது?"

"மழை."

"வரல," என்றார் சுபாப்.

பூன்மா தலையை ஆட்டிக்கொண்டார், ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டது போல. கயிற்றைச் சுபாபின் கையில் கொடுத்தார். போய்விடுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் போகவில்லை. கடைக்குள் நுழைந்து, எட்டு வருஷமாக உட்காராத பெஞ்சில் உட்கார்ந்தார். சம்ரானின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தங்கச்சி, ஒரு கிண்ணம் குடு."

"என்ன தங்கச்சி, திடீர்னு? போன மாசம் நாய்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"உங்க மச்சினன் கடையில எச்சித் துப்பிட்டுப் போனான். அது தெரியுமா?"

"தெரியும்."

"காரம் போடவா வேணாமா?"

"போடு," என்றார் பூன்மா. குனிந்திருந்த தலையை அவர் நிமிர்த்தவில்லை. குற்றவாளி வெளியே கயிற்றோடு நிற்க, பதினான்கு மாதம் ஜெயிலில் இருந்தவர்தான் உள்ளே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். சுபாப் வீட்டுக்குப் போனார். அவர் வருவதற்கு முன்பே லம்துவனுக்கு விஷயம் வந்து சேர்ந்திருந்தது. சோறு வைத்தாள், மீன் வைத்தாள். படுக்கையை மட்டும் சமையலறைப் பக்கம் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

பூன்மா அதற்குப் பிறகு வரவில்லை. மத்தியானத்தில் அவர் சம்ரான் கடையில் இருப்பதாகவும், அவருடைய சொந்தக்காரர்களும் ஒவ்வொருவராக அங்கே தலை காட்டுவதாகவும் சொன்னார்கள். இப்போது சுபாப்தான் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனார்.

ஐந்து செடிகளும் அவர் வாழ்நாளில் பார்த்திராத அளவுக்குப் பூத்தன. கிளைகள் பாரத்தில் சாய்ந்தன, வாங்கி வந்த கயிற்றால் கட்டி நிறுத்தினார். முற்றம் முழுக்கப் பிசின் வாசனை. ஜனவரி பிறந்தது. முடிகள் பழுக்க ஆரம்பித்தன. பாதி பழுத்ததா, பாதிக்கு மேலா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் பார்த்தால் இன்றைக்கே வெட்ட வேண்டும் போலிருந்தது, மறுபக்கம் பார்த்தால் இன்னும் ஒரு வாரம். நேற்றுப் பழுப்பு என்று நினைத்தது இன்றைக்கு வெள்ளையாகத் தெரிந்தது. வழியில் போகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று, வெட்டுங்க அண்ணே, மிஞ்சிப் போகுது என்றார்கள்.

"சொல்றவன் இன்னும் சொல்லல," என்றார் சுபாப்.

"அவரு இனி சொல்ல மாட்டாரு," என்றாள் லம்துவன். மூன்று வாரத்தில் அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை அது. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். பின்செடியில் காய்ச்சிய எண்ணெய் தீர்ந்துபோய் நான்கு நாளாகியிருந்தது.

"உனக்காக வேணா நாளைக்கு வெட்டிர்றேன்."

"எனக்காக ஒண்ணும் வேணாம்."

அடுத்த நாள் காலை பனி மூட்டமாக இருந்தது. சுபாப் கத்தியோடு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார், எந்தக் கிளையில் ஆரம்பிப்பது என்று தெரியாமல். சைக்கிள் ஒன்று வேலியோரம் வந்து வேகம் குறைந்தது. பூன்மா. கால் ஊன்றவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. மீன் குட்டைக்குப் போகிற சாலையைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

"கெழக்கு மூலைச் செடி உச்சியில பூசணம் புடிக்குது."

சைக்கிள் போய்விட்டது.

சுபாப் கிழக்கு மூலைத் தொட்டிக்குப் போய், தடித்த உச்சிப் பூவை விரலால் பிரித்துப் பார்த்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இருந்தது. இந்தத் தடவை அது நோய்தான். அந்த ஒரு செடியை மட்டும் அடியோடு வெட்டி, கெட்ட பாகத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தை லம்துவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மற்ற நான்கையும் பற்றிப் பூன்மா ஒன்றும் சொல்லவில்லையே என்று கத்தியைத் துடைத்து உள்ளே வைத்தார்.